நட்டு வைத்த மேசை

பலகை வெட்டுவதில் என்னோடு போட்டிக்கு நிற்க மாத்தளையில் ஆள் இல்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சொந்தப் பட்டறை, ஆறு வேலையாட்கள், வாசலில் லொறி. போன மாதம் ஒரு ட்ராக் சோவும் வாங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பலகையின் மேல் நீளமான அலுமினியத் தண்டவாளம் ஒன்றைக் கிடத்தி, அதன் மேல் மின்வாளை ஓட்டுவது. கோடு மயிரளவும் பிசகாது.

அதற்கென்று தனி மேசை வேண்டும். எட்டடிக்கு நாலடிப் பலகை முழுசாகக் கிடக்க வேண்டும். வாள் பலகையைத் தாண்டி அடியிலும் ஒரு நூல் ஆழம் இறங்கும். ஆகையால் மேசையின் மேல்தட்டு வெட்டுப்படுவதற்கென்றே இருக்க வேண்டும். கடையில் மடக்கு மேசை விற்கிறார்கள்; ஆளைப் பார்த்தாலே ஆடுகிறது. நான் நாலே நாளில் செய்தேன். சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்து, வாளின் பல் படாதபடி திருகாணிகளையெல்லாம் கீழிருந்து முடுக்கினேன். படித்த எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மேசையைக் குப்புறப் போட்டுக் கால் பூட்டும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. என்னிடம் வெகுகாலமாக இருக்கும் மரவேலைக்காரர் சொன்னார்:

"முதலாளி, காலுக்கு வீல் போட்டுருவோம். பிரேக் வச்ச வீல். இடம் மாத்தணும்னா தள்ளிக்கிட்டுப் போயிரலாம்."

இன்னொரு வேலையாள் சிரித்தார். "முதலாளி எங்கய்யா போகப்போறாரு? தரையில குழி தோண்டி சீமெந்து போட்டு நட்டுருவோம். யாரு வந்து புடுங்கப்போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த முடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற ஒரே ஒரு அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், இரண்டு தங்கைகள். அதோடு சித்தப்பா. அப்பாவின் தம்பி. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மாத்தளை மரக்காலை ஒன்றில் தச்சு வேலை பழகப் போனவர். போனதும் தோட்டத்தில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். பிறகு மரக்காலையை மூடினார்கள். ஒரு வாளும் சீவுளியும் இரண்டு உளியுமாக எங்கள் காம்பராவுக்குத் திரும்பி வந்தார். பேர் வெட்டுப்பட்ட ஆள் லயத்தில் தங்கக் கூடாது. ஆனாலும் கண்ணில் படாமல் இருந்தால் யாரும் கேட்பதில்லை.

அப்போதுதான் வஹகோட்டையிலிருந்து ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு அலுமாரி கேட்டு வந்தார். சித்தப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணி, இது மட்டும் ஒழுங்கா வந்துருச்சின்னா டவுன்ல ஒரு கடை புடிச்சிருவேன். இவனுக்கும் காலுக்குச் சப்பாத்து வாங்கித் தருவேன்."

"மொதல்ல உங்களுக்கு உடுத்த ஒரு சாரம் வாங்குங்க" என்றாள் அம்மா.

காற்றில் விழுந்த சவுக்கு மரம் ஒன்றைத் தோட்டத்துக் காவல்கார வாச்சரிடம் கேட்டு வாங்கி, லயத்துக்குப் பின்னால் வடிகான் ஓரம் தானே ஒரு மேசை செய்தார் சித்தப்பா. நாலு கால், மேலே இரண்டு தடித்த பலகை. செய்தவர் கெட்டிக்காரர், ஆனால் நிலம் சரிவு. சீவுளி பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மேசை அவரோடு சேர்ந்து நடந்தது. அலுமாரியின் முதல் கதவு கோணிப் போயிற்று. நல்ல பலகை, அப்படியே பாழ். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கோணலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது யோசனை சொன்னது நான். யாரும் சொல்லித் தரவில்லை. "சித்தப்பா, காலை மண்ணுல நட்டா என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினார். "டேய், நீ தொரையா வரவேண்டியவன்டா!" அன்றைக்கே கால்களை நீட்டிக் கட்டி, இரண்டடி தோண்டி நட்டோம். கல் போட்டு இடித்தோம். அடுத்த கதவு கண்ணாடி மாதிரி வந்தது. நான் லயம் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா விறகுக்குப் போயிருந்தார். நான் மேசை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"யார்ரா இதை இங்க நட்டது?"

"நாங்கதாங்க ஐயா. ரெண்டடி தோண்டினோம். நான்தான் நடச் சொன்னேன். மாடு முட்டினாலும் அசையாதுங்க."

அவர் கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கெட்டிக்காரன்டா நீ. உங்க சித்தப்பா எப்ப வந்தாரு?"

"பொங்கலுக்கு முந்தியே வந்துட்டாருங்க. இனி இங்கயேதான் இருப்பாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அப்பாவுக்கு அன்றைய வேலை கொடுக்கவில்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஆபீசில் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னது எவ்வளவோ வருடம் கழித்துத்தான். சும்மா ஒரு மேசை கிடந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்களாம். இன்றைக்குத் தோட்டத்து மண்ணில் கம்பம் நட்டவன் நாளைக்கு அதன் மேல் கூரை போடுவானாம். பொழுது சாய்வதற்குள் தம்பி வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவும் காம்பராவைக் காலி பண்ண வேண்டும்.

அப்பா தம்பியைக் கேட்டது ஒரே கேள்வி. "நடச் சொல்லி ஒனக்கு யாருடா புத்தி சொன்னது?"

சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தாண்ணே. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "இல்லப்பா! நான்தான் சொன்னேன்! என் யோசனை!"

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். சித்தப்பா குனிந்தபடியே, "சின்னப் பய, என்னமோ ஒளர்றான்" என்றார். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். அடிக்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் மேசையைப் பிடுங்கினார்கள். நாங்கள் அவ்வளவு உறுதியாக இடித்திருந்ததால் லேசில் வரவில்லை. கடப்பாறை போட்டு நெம்பியதில் ஒரு கால் முறிந்தது. அலுமாரிக்கு ஒரே ஒரு நல்ல கதவு முடிந்திருந்தது. சித்தப்பா அதைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். தச்சு ஆயுதப் பை தோளில். அம்மா ரொட்டி கட்டிக் கொடுத்தாள். மழை தூற ஆரம்பித்தது.

"வாடா, ரோட்டு வரைக்கும் வந்துட்டுப் போ" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் போகவில்லை. அப்பா குழிகளை மூடிக்கொண்டிருந்தார். நான் அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன்.

"டேய், ஒன்னத்தான்டா."

காதில் விழாதது போல மிதித்தேன். பாதையின் இரண்டாவது வளைவில் அவர் நின்றார். தலையில் சுமை இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு சேர்த்து மெல்லத் திரும்பினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா அதற்குப் பிறகு வரவே இல்லை. அப்பாவும் அம்மாவும் மாத்தளையில் கேட்டார்கள், வவுனியாப் பக்கம் போனவர்களிடம் கேட்டார்கள். பிற்காலத்தில் கையில் காசு வந்த பிறகு நானும் போகாத ஊர் இல்லை. எந்த மரக்காலையிலும் அப்படி ஒரு ஆளைத் தெரியாது என்றார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த மேசையை நடச் சொன்னது நான். அந்த நல்ல பேரைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போகிறார். என் பேரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கூப்பிடட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று நினைத்தபடி, ஈர மண்ணை ஓங்கி ஓங்கி மிதித்தேன்.