பூந்தமல்லியில் ஒரு விசில்

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் வேலூர் பஸ்ஸுக்காக நிற்கிறோம். என் விரலை இறுகப் பிடித்திருப்பவள் தங்கை மகள் ஷாலினி. இன்று காலைதான் புழல் பெண்கள் சிறையிலிருந்து அவளை அழைத்து வந்தேன். ஆறு வயதுக்கு மேல் பிள்ளையைத் தாயோடு அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னா கண்ணு, எங்கேர்ந்து வர்றே?" டீக்கடை அம்மா கேட்கிறார்.

"ஜெயில்லேர்ந்து."

அவள் வாயைப் பொத்தப் போகிறேன். அந்த அம்மாவோ டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"எங்க அத்தையும் உள்ள இருந்துச்சும்மா. மொதல்ல வேலூரு. புழல்ல பொம்பளை ஜெயில் கட்டினப்புறம் அங்க மாத்தினாங்க. மனு போட்டு அத்தையப் பாக்க நானும் நடையா நடந்துகீறேன்."

நான் ஒரு டீ சொல்கிறேன். அதற்குள் பக்கத்து பஸ் கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஷாலினி சட்டென்று என் விரலை விட்டுவிட்டு, சுவரோரம் போய்க் கை கட்டி நிற்கிறாள்.

"என்னடி ஆச்சு?"

"விசில் அடிச்சாச்சு, எண்ண வருவாங்க பெரியம்மா. நீயும் வந்து நில்லு."

"இங்கே யாரும் எண்ண மாட்டாங்கம்மா."

அவள் சுவரை விட்டு நகரவில்லை.

"அப்போ அங்க ஒண்ணு கொறையுமே. அம்மாகிட்டதானே கேப்பாங்க?"