என் வீட்டு அடுக்களையில் வேறு கம்பெனிக் கத்தி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், என் வீட்டு உணவு மேசையிலேயே நான் இருமுறை தலைகுனிய நேர்ந்தது. முதல் முறை மீனால். இரண்டாம் முறை கத்தியால்.

மேலப்பாளையத்திலிருந்து அசன் பாய் வந்திருந்தார். பாத்திரக்கடை நடத்துகிறவர். நான் செய்த கத்திகளை முதன்முதலில் தம் கடை அலமாரியில் வைத்து விற்றுக் கொடுத்தவர். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்கார வைத்தேன்.

இலையில் சாம்பார், அவியல், அப்பளம். பாய் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஏரலுக்கு வந்து, அதுவும் ஞாயித்துக்கெழம, மீன் இல்லாம சோறா? புன்னக்காயல் கடலு வத்திப் போச்சோ?"

"வீட்ல விரதம் பாய். திருச்செந்தூருக்கு நேர்ந்திருக்கா போல. நாப்பது நாளா இப்படித்தான்" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு விரதம்?"

என் மனைவி செண்பகம். கையில் ரசப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள்.

"நா எந்தச் சாமிக்கும் நேரல அண்ணே. இவியளா ஒண்ண நெனச்சிக்கிட்டா நா என்ன செய்ய?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவியலுக்குள் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் ஒருவன் மீனில்லாமல் உண்கிறான். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, அதற்குப் பக்தி என்று பெயரும் வைத்துக்கொள்கிறான். இவனை என்னவென்பது?

அத்தோடு போயிற்றா? கை கழுவப் புறவாசலுக்குச் சென்ற பாய், அடுக்களை வாசலில் நின்றுவிட்டார்.

மேடையின்மேல் ஒரு கத்தி கிடந்தது. பச்சை நிறம், தடித்த ரப்பர்ப் பிடி. அலகில் வேறொரு கம்பெனியின் முத்திரை.

"அண்ணாச்சி... இது யாரு கத்தி?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

"எங்கடைக்கு வார பொம்பளையள்ட்ட எல்லாம், 'செஞ்சவரு வீட்லயே இந்தக் கத்திதான்'னுல்லா சொல்லி விக்கேன்! இனி என்னத்தச் சொல்ல? மதினி, இப்படிக் கவுத்திட்டியளே!"

செண்பகம் பதிலுக்குத் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். விரல் மூட்டுகள் நெல்லிக்காய் போல வீங்கியிருந்தன.

"கட்டைவெரலு மடங்க மாட்டேங்கு அண்ணே. இவிய கத்திப் பிடி எனக்கு இப்ப ஒல்லியாப் போச்சு, கைக்குள்ள நிக்காம வழுக்குது. ஆவணியில கேட்டேன், தீவாளி ஆர்டர் முடியட்டும்னாவ. தீவாளி முடிஞ்சு கேட்டேன், பொங்கல் ஆர்டர்னாவ. அதான் பஜாருக்குப் போயி இத வாங்கிட்டு வந்துட்டேன். காய் வெட்டும். மீன் வெட்ட மாட்டேங்கு. அதான் மீன் வாங்கல. இவ்வளவுதான் விரதம்."

முழங்கால் வலி வந்த நாளிலேயே அரிவாள்மணையில் அமர்ந்து வெட்டுவதை அவள் விட்டுவிட்டாள். நின்றபடி மேடையில் கத்தியால் வெட்டப் பழகினாள். இப்போது கத்தியும் கைவிட்டது. வெட்டி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தன் மீனைப் பிறர் வெட்டச் சம்மதிக்கிறவள் இல்லை செண்பகம். அதைவிட மீனையே விட்டுவிடுவாள். விட்டும்விட்டாள்.

இத்தனையையும் அவள் பாயிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் இரண்டு முறை சொல்லியாயிற்றே!

இந்தப் பத்தியை வாரந்தோறும் வாசிக்கும் அன்பர்களுக்கு என் தொழில் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — கத்தி செய்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் கத்தி செய்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் ஓரடி தள்ளி உட்காருகிறார்கள். காய்கறிக் கத்தி என்று விளக்கிய பிறகுதான் காப்பி வருகிறது.

ஒரு காலத்தில் என் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கத்தி கேட்டு வருகிறவரிடம் நான் அளவு கேட்கமாட்டேன். ஒரு பிடி ஈரக் களிமண்ணைக் கொடுத்து, "வேலை செய்யயில எப்படிப் பிடிப்பியளோ, அப்படி அமுக்குங்க" என்பேன். அந்த மண் காய்ந்ததும் அதில் பெயரைக் கீறி அலமாரியில் வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துத்தான் பிடியைச் செதுக்குவேன்.

புன்னக்காயலில் மீன் வெட்டுகிறவர் அமுக்கிய மண்ணில் விரல்கள் மறுபக்கம் வரை போயிருக்கும். பத்தமடையில் பாய் நெய்யக் கோரை கிழிக்கும் அம்மாளின் மண்ணிலோ நுனிவிரல் பட்ட தடம் மட்டுமே இருக்கும். பெயரைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

பிறகு அசன் பாய், ஒரே மாதிரி நூறு கத்தி கேட்டார். சென்னைக் கடை ஒன்று ஆயிரம் கேட்டது. தகரக் கொட்டகை போய்க் கட்டடம் வந்தது. கைச் சுத்தியல் போய் பவர் ஹேமர் வந்தது. இன்று முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

ஆயிரம் கத்திக்கு ஆயிரம் பேரைக் களிமண் அமுக்கச் சொல்ல முடியுமா? பிடி வார்க்க ஒரே ஒரு மோல்டு. அதற்கு ஒரே ஒரு கை வேண்டும். பட்டறையை நிர்வகிப்பவன் என் தங்கை மகன் சுடலைமணி. டிப்ளமோ படித்தவன், கெட்டிக்காரன். "மாமா, மாதிரி சாயங்கால பஸ்ஸுல கோயம்புத்தூர் மோல்டு கம்பெனிக்குப் போயாவணும். யாரு கையின்னு சீக்கிரம் சொல்லுங்க" என்றான்.

வீட்டுக்கு ஓடினேன். அடுக்களையில் செண்பகம் நின்றிருந்தாள். களிமண்ணை நீட்டினேன்.

"இப்பவா? பால் பொங்குது!"

"ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போ."

எரிச்சலோடு வெடுக்கென்று ஓர் அமுக்கு அமுக்கி, என் கையில் திணித்துவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

அந்த எரிச்சல்தான் இன்று எத்தனையோ ஊர்களின் அடுக்களைகளில் இருக்கிறது. எங்கள் கத்தியைக் கையில் எடுத்ததும் காரணமில்லாமல் ஓர் அவசரம் உங்களைப் பற்றிக்கொள்கிறதா? காரணம் இதுதான்.

'எல்லோர் கைக்கும் பொருந்துவது' என்று பெட்டியின்மேல் அச்சிடுகிறோம். அந்த எல்லோர் யார்? என்றோ ஒரு நாள், ஏதோ ஓர் அவசரத்தில் இருந்த யாரோ ஒருவர். அவ்வளவுதான். இப்போது அந்த ஒருவருக்கே அது பொருந்தவில்லை.

மறுநாள் காலை சுடலைமணியிடம் சொன்னேன். அத்தைக்கு ஒரு கத்தி வேண்டும். பிடி பெரிதாக, அலகு மீன் வெட்டத் தக்கதாக.

தலையைச் சொறிந்தான். "மாமா, ஒரு பீஸுக்காக மோல்ட மாத்துனா லைன் ரெண்டு நாள் நிக்கும். அத்தைக்குச் செய்யாண்டாம்னு நா சொல்லல. ஆனா... கேட்ல அந்த போர்ட வச்சது யாரு?"

நான்தான் வைத்தேன். வாசகமும் என்னுடையதே. 'தனிநபருக்கென ஒற்றைக் கத்தி செய்து தரும் வேண்டுகோள்கள் அன்புடன் மறுக்கப்படுகின்றன.' எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இரண்டு நாள் யோசித்து 'அன்புடன்' என்ற சொல்லைச் சேர்த்தேன். நன்றாக அமைந்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

பத்தமடை அம்மாள் தம் பழைய கத்தி தேய்ந்துபோய் இரண்டு பஸ் மாறி வந்தபோது, அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனாராம். காவலாளி பிறகு சொன்னார். அன்பு அவருக்கும் கிடைத்திருக்கும்.

"நீங்களே செய்யுங்க மாமா" என்றான் சுடலைமணி. "ஆனா ஞாயித்துக்கெழமகூட ஹேமரும் காலி இல்ல, கிரைண்டரும் காலி இல்ல. வாற செவ்வாக்கெழம பராமரிப்புக்காகக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கட். எல்லாருக்கும் லீவு. அன்னைக்குப் பட்டறை பூரா ஒங்களுக்குத்தான்."

என் பட்டறையில் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை ஆற்றங்கரைக்குப் போய்க் களிமண் எடுத்து வந்து பிசைந்தேன். செண்பகம் பார்த்தாள்.

"என்ன, இன்னொரு ஆயிரம் பேருக்கா?"

"இல்ல. ஒருத்திக்கு."

வாங்கிக்கொண்டாள். இம்முறை அடுப்பில் பால் இல்லை, அவசரமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அமுக்கினாள். மண்ணில் நான்கு மேலோட்டமான பள்ளங்கள் மட்டும் விழுந்தன. கட்டைவிரலின் தடமே இல்லை.

கோயம்புத்தூர் போய்த் திரும்பி அலமாரியிலிருந்த அவளது பழைய மண்ணை நான் நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுத் தேங்காய்களைத் தனி ஆளாய் உடைத்த கை அது. மனம் பொறுக்காமல், உதவி என்று எண்ணி, அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"எடுங்க கைய. நீங்க அமுக்குனா அது ஒங்க பிடி. பெறவு நா மீன் வெட்டயில நீங்களா வந்து பிடிப்பிய?"

எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. இயந்திரங்கள் எல்லாம் ஓய்ந்த கட்டடத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. வாசலில் சந்தனப் பொட்டோடு காட்சிக்கு வைத்திருந்த கைத்துருத்தியை உள்ளே இழுத்து வந்து அடுப்பு மூட்டினேன். லாரியின் பழைய வில்பட்டையில் ஒரு துண்டு எடுத்துக் காய்ச்சி அடித்தேன். பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. பல ஆண்டுகளாகக் கையெழுத்து மட்டுமே போட்ட கை... அது என் சொல் கேட்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது.

அலகு ஒருவழியாக வந்தது. எண்ணெயில் அமிழ்த்திப் பதமேற்றினேன். பிறகு பூவரசங்கட்டையில் பிடி செதுக்கினேன். செதுக்கி, இழைத்து, பளபளப்பாக்கி, செண்பகத்தின் புது மண்ணோடு வைத்துப் பார்த்தால் — அது எங்கள் கம்பெனியின் பிடி! இம்மியும் பிசகாமல், மோல்டில் வார்த்தது போலவே இருந்தது. மண்ணைக் கண்முன் வைத்துக்கொண்டே, பழகிய பிடியை என் கை செதுக்கியிருக்கிறது.

அதை அடுப்பில் போட்டேன்.

இரண்டாவது கட்டையில், ஒவ்வொரு சீவலுக்கும் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்துச் செதுக்கினேன். பிஞ்சு வெள்ளரிக்காய்ப் பருமன். கட்டைவிரலுக்கு வேலை இல்லாமல், உள்ளங்கையால் அழுத்தினாலே போதும் என்கிற வளைவு. மாலை மின்சாரம் வருவதற்குச் சற்று முன்னால் முடிந்தது. அன்று தலைசீவ எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் காலை, புன்னக்காயலிலிருந்து பைக்கில் பெட்டி கட்டி வரும் மீன்காரரின் ஹாரன் கேட்டது. செண்பகம் வெளியே போய் ஆறு விளமீன் வாங்கி வந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்று செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை செய்தேன்.

முதல் மீனின் தலை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு துண்டுகள். இரண்டாவது மீன். அப்புறம் சத்தமில்லை.

"என்ன?" என்றேன், தாளை இறக்காமலேயே.

"கனம் கூட."

அவ்வளவுதானா!

"நல்லாத்தான் இருக்கு. வழுக்கல, வெரலும் வலிக்கல. ஆனா கனம் கூட. பத்து மீனு வெட்டுனா கை ஓஞ்சிரும்" என்றாள். சொல்லிக்கொண்டே மீதி நான்கு மீனையும் வெட்டி முடித்தாள்.

அன்று வீட்டில் மீன்குழம்பு. வாசனை பிடித்தவன் போல் சுடலைமணி வந்து சேர்ந்தான். சாப்பாட்டுக்கு முன்பே கத்தியைக் கையில் வைத்துப் பார்த்தான். அவன் கண்கள் மாறுவதை நான் கண்டேன்.

"மாமா... கைவலி இல்லாத வீடு எங்கன இருக்கு? இதுக்கு ஒரு மோல்ட் போட்டோம்னா —"

அவன் முடிப்பதற்குள் அகப்பையோடு செண்பகம் வந்துவிட்டாள்.

"ஏலே சுடலை, போன வருசம் இந்தக் கையி இப்படி இல்ல. வாற வருசம் இப்படியும் இருக்காது. எந்தக் கைய வச்சுலே மோல்ட் போடுவ? பேசாம மீனத் தின்னு."

தின்றான். நானும் தின்றேன்.

அந்தப் பச்சைக் கத்தி இன்னும் எங்கள் அடுக்களையில்தான் இருக்கிறது. வெங்காயத்துக்கு அதுதான் தோதாம். எடுத்துப் போடச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்டிலுள்ள பலகையையும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் லைன் நிற்கும். முப்பத்திரண்டு வீட்டில் உலை நிற்கும். 'அன்புடன்' என்ற சொல்லை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறேன். பத்தமடை அம்மாளின் மண் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவருக்கு ஒன்று பாக்கி. செண்பகத்துக்கோ கனம் குறைத்து இன்னொன்று.

அதற்கு ஒரு நாள் வேண்டுமல்லவா? நேற்று மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்து, அடுத்த பராமரிப்பு என்றைக்கு என்று விசாரித்தேன். மறுமுனையில் இருந்த ஊழியர் சிரித்தேவிட்டார்.

"எல்லாரும் கரண்ட் எப்ப வரும்னு கேட்டு ஏசத்தான் போன் போடுவாவ. எப்ப போவும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி!"