மார்டினிக் கொடியும் மட்டன் ரோல்ஸும்

மெல்போர்ன், பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசல். நான் போகவேண்டிய வெரிபீ ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் சிவப்பு, பச்சை, கறுப்பு நிறக் கொடியோடு நிற்கிறார்கள். கரீபியன் கடலில் பிரான்சின் கையில் இருக்கும் மார்டினிக் என்ற குட்டித் தீவுக்குச் சுதந்திரம் வேண்டுமாம். அட்டையில் எழுதியிருக்கிறது. காற்று அட்டையையும் கொண்டுபோகப் பார்க்கிறது.

நடுவில் சேலைக்கு மேல் குளிர்கோட்டு போட்ட ஓர் அக்கா, பெரிய டப்பாவிலிருந்து எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொட்டைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன்.

"அக்கா, நீங்களும் மார்டினிக்கா?"

"யாழ்ப்பாணம். எங்கட ஆர்ப்பாட்டம் எண்டுதான் வந்தனான். அது அடுத்த கிழமையாம், நான் நாள் மாறி வந்திட்டன். இவ்வளவு ரோல்ஸையும் திருப்பிக் கொண்டுபோகேலுமே?"

"இவங்களுக்குச் சுதந்திரம் கிடைக்குமா?"

"அது தெரியாது தம்பி. ஆனா கொடி பிடிச்சா பசிக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும்."

கொடிக்காரர் ஒற்றைக் கையில் ரோல்ஸோடு தடுமாறுகிறார். அக்கா கொடியை வாங்கி என் கையில் திணிக்கிறார்.

"அவர் சாப்பிடட்டும். பிடியுங்கோ."

என் ரயில் போய்விடுகிறது. வழியில் போகும் ஒருவர் நின்று, இது எந்த நாட்டுக் கொடி என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். இன்னும் நாடாகவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல்.

"அந்த 'இன்னும்' எண்டதைக் கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ தம்பி!"