டோலியை இறக்கி வைத்தவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நினைவூட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு மனிதரைப் பாராட்டுவதற்கு மட்டும் எனக்கு விதி தெரியாமல் போனது. அதற்கு நடைமுறை இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாழ்நாள் முழுவதும் பொதுச்சேவை செய்தவர்களை மாவட்ட அளவில் கௌரவிக்க வேண்டும், தாலுகாவுக்கு ஒருவரை ஆதாரத்துடன் பரிந்துரைக்க வேண்டும். நான் அப்போது அடிவார ஊரில் தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர். வழக்கமாக இதற்கெல்லாம் அரிசி ஆலை முதலாளி ஒருவர் தயாராக இருப்பார். என்ன கிறுக்கோ, நான் ஜவ்வாது மலையிலிருந்து ஒருவரை எழுதினேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு அனுபவத்திலேயே தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வருவாய் ஆய்வாளர். பட்டா விசாரணைக்காக மலைக்குப் போக வேண்டும். ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஏறுவோம். ஏறுவோம் என்பது பேச்சுக்கு. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நாற்காலியைக் கட்டி, அதில் எங்களை உட்கார வைத்து, மலைக்காரர்கள் நான்கு பேர் தோளில் சுமப்பார்கள். டோலி என்போம். கூலி கிடையாது. ஆபீசர் வந்தால் ஊர் தூக்க வேண்டும், அவ்வளவுதான். வனத்துறைக்கு, போலீசுக்கு, எங்களுக்கு எல்லாருக்கும் அதே தோள்.

ஒருநாள் பாதி ஏற்றத்தில் அவர்தான் வழியை மறித்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே மலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர். என்னைப் பார்க்காமல் தூக்குகிறவர்களிடம்தான் பேசினார்.

"கீழ வைங்கடா."

"சாமி உக்காந்துகினு கீறாரு அண்ணா."

"எறங்குவாரு. ஏன் சார், காலு ரெண்டும் நல்லாத்தானே கீது?"

"அரசாங்க வேலையத் தடுக்கிறியா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"தடுக்கலீங்க. நீங்க நடங்க, நாங்களும் கூட வர்றோம். தாகம் எடுத்தா தண்ணி தர்றோம். தூக்கறது மட்டும் இனிமே கெடையாது."

இறக்கி வைத்துவிட்டார்கள். மீதி மலையை நான் நடந்து ஏறினேன். குதிகாலில் கொப்புளம். அன்றைய பயண நாட்குறிப்பில் வழக்கம்போல, "மலைக்கிராமங்களுக்கு நடந்து சென்று ஆய்வு செய்தேன்" என்று எழுதினேன். என் சர்வீசில் அந்த வாக்கியம் பாதியாவது உண்மையானது அன்றுதான்.

பிறகு அவர் ஊர் ஊராகப் போய் இதையே சொன்னார். அலுவலர் பணிக்கு இடையூறு என்று இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து அதையேதான் சொன்னார். சில ஆண்டுகளில் டோலி பிரசவ வலி கண்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் என்றானது. நாங்கள் எல்லாரும் நடக்கக் கற்றுக்கொண்டோம்.

பரிந்துரைக்கு அவர் சம்மதம் வாங்க நானே மலைக்குப் போனேன். இப்போது பஸ் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னான்னு எழுதுவீங்க? மரம் நட்டேன்னு எழுதிடாதீங்க. எங்க மலையில மரம் அதுவா மொளைக்கும்."

"நடந்ததை எழுதறேன், பெரியவரே."

"அப்டீன்னா வர்றேன். மேடையில அதப் படிக்கணும். தோள்ல காய்ப்பு இருந்தவன்ல பாதிப் பேரு போய்ட்டான். இதோ எம் பேத்தி, டீச்சர் டிரெயினிங் படிக்குது. ஆள ஆள் தூக்குனோம்னா நம்ப மாட்டேங்குது."

அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டு, "தாத்தா கதை வுடுது சார்" என்றாள்.

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடந்தது நடந்ததாக ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும், அது நான்கு பேர் காதில் விழ வேண்டும்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன கோப்பு பத்து நாளில் திரும்பி வந்தது. அலுவலர்கள் சுமந்து செல்லப்பட்டதற்கு ஆவண ஆதாரம் ஏதும் இல்லை, பழைய நாட்குறிப்புகள் அனைத்திலும் அலுவலர்கள் நடந்து சென்றதாகவே பதிவாகியுள்ளது, எனவே விளக்கம் தேவை. நடக்காத ஒன்றை ஒருவர் எப்படி நிறுத்தியிருக்க முடியும்? கேள்வி நியாயமானது. நானும் அந்த அலுவலகத்தில் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "ஏன்யா, ரிடையராக நாலு வருஷம் இருக்கு. உனக்கு இது தேவையா? தூக்கிட்டுப் போனாங்கன்னா அந்த டயரி எல்லாம் பொய்யின்னு ஆகுது. அதுல உன் டயரியும் இருக்கு. தெரியுமில்ல?"

தெரியும். பொய்யான நாட்குறிப்புக்கு எந்த விதியின் கீழ் விளக்கம் கேட்பார்கள் என்பதும் தெரியும். நான் என் தொழிலைச் செய்தேன். "மலைப்பகுதியில் நிலவிய சில பழைய வழக்கங்களை மாற்றியமைப்பதில் நிர்வாகத்துடன் ஒத்துழைத்தார்" என்று எழுதி அனுப்பினேன். அரசாங்கத் தமிழில் ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு எந்த ஆதாரமும் கேட்க மாட்டார்கள். மறுநாளே ஒப்புதல் வந்தது. அவரிடம் நான் சொல்லவில்லை. மலைக்கு இன்னொரு முறை போகக் களைப்பாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா பள்ளி மைதானத்தில் காலை பத்து மணிக்கு என்று போட்டு, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. மலையிலிருந்து நாற்பது பேராவது வந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, பத்திரத்தைப் படித்துக் கொடுத்தார்கள். அவர் மைக்கைக் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கி, பேத்தியுடன் நேரே நான் இருந்த மேஜைக்கு வந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும் பதிவேடு என்னிடம் இருந்தது.

கண்ணாடிச் சட்டத்தை மேஜையில் வைத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். "ஒத்துழைத்தார். யாரு சார் ஒத்துழைச்சது?"

நான் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"உங்கள எறக்குனமே, அன்னிக்கி நீங்க ஒத்துழைச்சீங்களா?"

"இல்ல."

"நானு?"

"நீங்களும் இல்ல."

பேத்தி என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "நெஜமாவே இந்த சாரத் தூக்குனீங்களா? நாலு பேரு போதுமா தாத்தா?"

"அப்போ ஒல்லியா இருந்தாரும்மா. அப்பவும் கனந்தான்." அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "திருத்திக் குடுங்க சார். இல்லாட்டி நீங்களே வச்சிக்குங்க. கையெழுத்து போட மாட்டேன்."

வழங்கப்பட்ட பத்திரத்தைத் திருத்த முன்மொழிவு, பரிந்துரை, மறு ஒப்புதல் எல்லாம் வேண்டும். ஆறு மாதம் ஆகும், அப்போதும் வராது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

மேஜையிலிருந்த கத்தரிக்கோலால் சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நெம்பி, பத்திரத்தை வெளியே எடுத்தேன். அடித்தல் திருத்தலுக்கு விதி உண்டு. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், சரியானதை மேலே எழுத வேண்டும், பொறுப்பானவர் ஓரத்தில் ஒப்பமிட வேண்டும். "அலுவலர்களைக் கூலியின்றித் தோளில் சுமக்கும் கொடுமையை, சுமக்க மறுத்து, டோலியைக் கீழே இறக்கி வைத்து ஒழித்தார்" என்று எழுதினேன். ஓரத்தில் முழுப் பெயர், பதவி. அதன் கீழே, "இறக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன்."

அவர் பத்திரத்தைப் பேத்தியிடம் நீட்டினார். "படி."

அவள் சத்தமாகப் படித்தாள். சுற்றி நின்ற மலைக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது. சிரிப்பு போயிருந்தது.

"நெஜமா சார்?"

"நெஜந்தாம்மா."

பேனாவை வாங்கப் போன பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். "தேதி போடலியே சார்."

தேதி போட்டேன். அதன் பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது.