பஸ்ஸில் வரும் சோறு

தொலைந்துபோன அடையாள அட்டைக்காக முறைப்பாடு செய்ய, துறைமுகப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். எழுதியவர் நாற்பது வயதுக் கான்ஸ்டபிள். காதோரம் நரை, அச்சுப்போன்ற கையெழுத்து. வெளியே பஸ் ஹோர்ன் கேட்டதும் எழுந்து போனார். கிண்ணியா பஸ் சாரதியிடம் சாப்பாட்டுக் கரியரை வாங்கிக்கொண்டு, நேற்றைய வெறும் கரியருக்குள் இரண்டு டொபி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனிசி அனுப்புறவ," என்றார். "பாலத்தால போனா வீடு அரை மணித்தியாலம்தான். ஆனா நிலைய எல்லைக்குள்ளதான் தங்கோணும். வீட்டில இருந்து வாறனெண்டு ரெண்டுதரம் எழுதிக் கேட்டனான், ஏலாதாம். இப்ப மூண்டாவது கடிதம் போயிருக்கு."

"டொபி பிள்ளைக்கோ?"

"ஓம், மகளுக்கு. மூண்டு வயசு. வாப்பா பஸ்ஸுக்குள்ளதான் இருக்கிறாரெண்டு நினைக்கிறா. பஸ் அங்க நிண்டா ஏறி, சீற்றுக்குக் கீழ தேடுறாவாம்."

சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"நிரந்தர விலாசம்?"

"உப்புவெளி."

"இப்ப இருக்கிறது?"

"அதே வீடுதான்."

பேனா சற்று நின்றது. "நீங்கள் குடுத்து வச்ச ஆள்," என்று சொல்லிவிட்டு, இரண்டு இடத்திலும் ஒரே விலாசத்தை நிதானமாக எழுதினார்.

புதிய அட்டை வந்து நாளாகிறது. மூன்றாவது கடிதம் என்னவாயிற்றென்று தெரியாது. கிண்ணியா பஸ்ஸில் ஏறினால், உட்காருமுன் சீற்றுக்குக் கீழே ஒருமுறை பார்க்கிறேன்.