சாய்தளத்தில் போட்ட கோலம்

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் மகளுக்கு இரண்டு கால்களும் போயின. இப்போது முப்பத்தெட்டு. மோட்டார் மிஷினில் அவள் தைக்கிற ரவிக்கைக்குப் பொன்னமராவதிக் கடைத்தெருவில் ஈடு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளது அது.

அதற்காகத்தான் மாற்றுத்திறனாளிகள் விழாவில் பொன்னாடை போடுவதாகச் சொல்லி வேன் அனுப்பினார்கள். வெளியே கிளம்பினால் அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். போகிற இடத்தில் கக்கூஸ் எப்படியோ என்ற பயம். அன்றைக்கு மண்டபத்து வாசலில் ஒரு காலேஜ் பிள்ளை ஆசையாக ஜூஸ் நீட்டியது. மறுக்க மனசில்லாமல் குடித்துவிட்டாள்.

கக்கூஸ் உள்ளே இருந்தது. வீல்சேர் ஏறும் சாய்தளம் முழுக்க அந்தக் காலேஜ் பிள்ளைகள் கலர்ப்பொடியில் கோலம் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெண், முதுகில் பட்டாம்பூச்சி இறக்கை. விடியற்காலையிலிருந்து குத்தவைத்துப் போட்டதாம்.

"அப்பத்தா, அஞ்சே நிமிஷம். கலெக்டராபீஸ்லேருந்து வர்றவங்க பாத்துரட்டும். அப்புறம் நீங்கதான் மொதல்ல ஏறுறீங்க" என்றது ஜூஸ் கொடுத்த பிள்ளை, நாற்காலியைத் தள்ளப் போன என்னிடம்.

"படியில தூக்கிட்டுப் போயிரவா அக்கா?" என்றான் ஒரு பையன்.

"வேணாம்ப்பா" என்றாள் மகள். முன்பு தூக்கியவர்கள் நழுவவிட்டுத் தோள் பிசகியது. அதிலிருந்து என்னைத் தவிர யாரையும் தொடவிடமாட்டாள்.

அரை மணி ஆயிற்று. வெயில் ஏறியது. என் கையைக் கிள்ளினாள். "ஆத்தா, முடியல. தள்ளிக்கிட்டுப் போ."

நான் கோலத்தைப் பார்த்தேன். அடுத்த வீட்டு வாசல் கோலத்தைக்கூட ஓரமாகச் சுற்றிப் போகிறவள் நான். இந்தக் கோலத்தின் முகத்தில் சக்கரத்தை ஏற்ற என் கை வரவில்லை. நாலு பேர் பார்க்க மேடையேறப் போகிற மகள் என்ற மிதப்பும் இருந்தது.

"செத்தப் பொறுத்துக்கடி. நம்ம வீட்டு விசேஷம் மாதிரில்ல பண்ணுறாக."

கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்கு அடியில் தரை நனைந்தது. கோலம் போட்ட பிள்ளைகளில் ஒன்றுதான் முதலில் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் ஜீப் வந்தது. வந்தவர் கோலத்தை மெச்சிவிட்டு, மிதிக்காமல் படி வழியே ஏறிப்போனார். விஷயம் தெரிந்த யாரோ பொன்னாடையை வாசலுக்கே எடுத்து வந்து போர்த்தினார்கள். அவள் அதை இழுத்து மடியை மூடிக்கொண்டாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

வீட்டில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். முதுகைத் தேய்க்கும்போது கேட்டாள்:

"அந்தப் புள்ளைகளுக்குத் தெரியாது, சின்னதுக. ஒனக்குமா ஆத்தா, என்னைய விட அந்தப் பொம்மை பெருசாப் போச்சு?"

செம்பில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன்.