பனிமலையில் நான் சொன்ன பொய்

நான் மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங்கில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு, தம்பி வேலை செய்யும் ஆஸ்திரியாவுக்குப் போயிருந்தேன். பயிற்சிச் சரிவில் இரண்டே நாள் பனிச்சறுக்குப் பழகிவிட்டு, வழிகாட்டியோடு மலையேறிச் சறுக்கி இறங்கும் பயணத்துக்குப் பதிந்தேன். படிவத்தில் ‘புதியவர்’ என்று எழுத வெட்கப்பட்டு, ‘அனுபவம் உண்டு’ என்று குறித்தேன்.

“முடியுமாக்கா?” என்றான் தம்பி.

“முடியும்லா!”

தம்பியும் வழிகாட்டியும் முன்னே போக, எப்படியோ ஏறிவிட்டேன். இறங்கும்போது வளைந்து திரும்பத் தெரியாமல் சறுக்கிப்போய், பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

“அக்கா, அசையாத! வாரோம்!” என்று தம்பி கத்தினான்.

வழிகாட்டி கயிறு கட்டி என்னை மேலே இழுத்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, மறுநாள் புதியவர்கள் குழுவில் சேர்த்தார். அங்கே ஒரு சிறு சரிவை விழாமல் இறங்கினேன்.

போன வாரம் ஈப்போவில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள்.

“ஒன்னுமே தெரியாது, முதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க” என்றேன்.